ஆய்வகக் கருவிகளை மாணவர்களே செய்வது பயன் தருமா?

பொறியியல் தொழில்நுட்பப் படிப்பில் ஆய்வகக் கருவிகளை மாணவர்களைக் கொண்டே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் செலவு குறையும் என்பதற்காக மட்டும் இறங்காதீர்கள். நேரம் நிறையப் பிடிக்கும்.

உலோகப் பட்டையில் 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ் (நீண்டாலோ சுருங்கினாலோ மின்தடை மாறும் மெல்லிய உணரி) ஒட்டி, பாரம் அளக்கும் கருவி செய்வதாக வைத்துக்கொள்வோம். கேஜ் காரணி (நீளம் மாறும் விகிதத்தைப் போல மின்தடை எத்தனை மடங்கு விகிதத்தில் மாறும் என்பது) 2 என்றால், 1000 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு, அதாவது நீளம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும்போது, மின்தடை 0.7 ஓம்தான் மாறும். சிறிய மின்தடை மாற்றத்தை மின்னழுத்தமாகக் காட்டும் வீட்ஸ்டன் பாலச் சுற்றுக்கு 5 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 2.5 மில்லிவோல்ட். பெருக்கி ஏன் தேவை, கைச்சூடு பட்டாலே அளவு ஏன் நகர்கிறது, பாரம் ஏற்காத இன்னொரு கேஜ் எதற்கு என்ற கேள்விகள் அப்புறம் தானாகவே வரும். விலைக்கு வாங்கிய கருவியில் இதெல்லாம் பெட்டிக்குள் மூடிக்கிடக்கும். எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

மின்வழங்கியை மட்டும் தயாராக வாங்கிவிடுங்கள். மாணவர்கள் கை வைப்பது குறைந்த மின்னழுத்தத்தோடு நிற்கட்டும். தெரிந்த எடைகளை ஏற்றியும் இறக்கியும் அளவுத்திருத்தம் செய்யாத கருவியைப் பாடத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. சுற்று வரைபடமும் திருத்த அட்டவணையும் கருவியோடு இருந்தால், பழுதானால் அடுத்த ஆண்டு மாணவர்களே பிரித்துப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள். அவற்றை எழுதுவதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.