உக்ரைன் குடும்பங்களின் திருமணத் துண்டும் திருப்படமும்

"கனடாவில் குடியேறிய உக்ரைன் குடும்பங்கள் திருமண நினைவுப் பொருட்களையும் சமயப் பொருட்களையும் ஏன் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்? அவற்றைப் பாதுகாப்பது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். மனிடோபாவில் அப்படியொரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணப் பொருள் வேறு, சாமிப் பொருள் வேறு என்ற பிரிவே அங்கே கிடையாது.

தேவாலயத்துக்குப் புறப்படும் முன் பெற்றோர் இயேசு, தேவமாதா திருப்படங்கள் இரண்டையும் ஏந்தி மணமக்களை ஆசீர்வதிப்பார்கள். அதே படங்கள்தான் பிறகு புது வீட்டின் கிழக்குச் சுவரில் ஏறும். அவற்றின்மேல் சார்த்துவது ருஷ்னிக் எனப்படும் பூத்தையல் துண்டு. பாதிரியார் மணமக்களின் கைகளைச் சேர்த்துக் கட்டுவதும், அவர்கள் நிற்பதற்குக் கீழே விரிப்பதும் ருஷ்னிக்தான். மணமுடியாகச் சூட்டிய பசுங்கொடி வளையத்தையும் எறிய மாட்டார்கள், திருப்படத்தோடு வைத்துக்கொள்வார்கள். அந்தக் கொடியின் பெயர் பர்வினோக். நம் நித்தியகல்யாணியின் குடும்பத்தைச் சேர்ந்தது; குளிர்காலத்திலும் பச்சை மாறாது.

எங்கள் வீட்டு ருஷ்னிக் கையால் நெய்த லினன் துணி. இரு முனைகளிலும் சிவப்பும் கறுப்புமாகக் குறுக்குத் தையல். நடுவில் வெறும் வெள்ளை. ஓரத்தில் மெழுகு சொட்டிக் காய்ந்த தடம் ஒன்று உண்டு. மணமக்கள் பிடித்திருந்த மெழுகுவர்த்தியிலிருந்து விழுந்தது என்பார் மாமியார். அதை எடுத்துவிடும்படி பலர் யோசனை சொல்லியும் அவர் இசையவில்லை. நானும் அவர் கட்சிதான்.

பழைய துண்டு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முதல் உலகப் போருக்கு முன் கனடா வந்த சுமார் 1,70,000 உக்ரைனியர்களில் பெரும்பாலோர் கலீசியா, புக்கோவினா பகுதிகளின் விவசாயிகள். அப்போது அவை ஆஸ்திரியா-ஹங்கேரி ஆட்சியில் இருந்தன. அதனால் கனடாவின் ஆவணங்களில் அவர்கள் ஆஸ்திரியர், கலீசியர், ருத்தேனியர் என்றெல்லாம் பதிவானார்கள். காகிதம் குழப்பும் இடத்தில், குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்குத் தையல் துப்புக் கொடுக்கும். உதாரணமாக, கலீசியாவின் போர்ஷ்சிவ் வட்டாரத்துச் சட்டைகளின் கைகளில் கறுப்புக் கம்பளி நூல் வேலைப்பாடு அடர்ந்திருக்கும். சமயமும் உதவும்: கலீசியாவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கிரேக்கக் கத்தோலிக்கர் (கிழக்கத்திய வழிபாட்டு முறையோடு போப்பாண்டவரை ஏற்பவர்கள்), புக்கோவினாவிலிருந்து வந்தவர்கள் ஆர்த்தடாக்ஸ் சபையினர்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: துவைக்காதீர்கள், சிவப்பு நூல் சாயம் விட்டால் வெள்ளைத் துணி போயிற்று. மடித்து வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் சுருட்டி, இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். திருப்படங்களில் பல, மலிவான காகித அச்சுகள். வெயில் படாத சுவரில் மாட்டினால் போதும்.

இவற்றைவிட அவசரமானது, பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது: யாருடைய கல்யாணம், எந்த ஊர், எந்தத் தேவாலயம், தைத்தது யார்? சொத்துப் பிரிக்கும்போது படம் ஒரு பிள்ளைக்கு, துண்டு இன்னொரு பிள்ளைக்கு என்று பிரிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிரிந்த பிறகு எது எதனோடு சேர்ந்தது என்று சொல்ல ஆளிருக்காது. வீட்டில் வைத்துக்கொள்ள யாரும் இல்லையென்றால், அந்தக் குறிப்புகளோடு மொத்தமாக ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். சாஸ்கட்டூனில் உக்ரைனியப் பெண்கள் சங்கம் 1936-இல் தொடங்கிய கனடா உக்ரைனிய அருங்காட்சியகத்தை முதலில் கேட்டுப் பார்க்கலாம்.