புதுத் தொட்டி, செத்துப்போகும் மீன், கடைக்காரர் தரும் மருந்து: கேள்வி-பதில்

கேள்வி: 60 லிட்டர் தொட்டி வாங்கினேன். தண்ணீர் நிரப்பி, கடையில் சொன்னபடி ஒரு நாள் ஃபில்டரை ஓடவிட்டு, அப்புறம்தான் பத்து மீன்களை விட்டேன். ஒரே வாரத்தில் நான்கு செத்துவிட்டன. தண்ணீரோ பளிங்கு மாதிரி இருக்கிறது. கடையில் ஒரு நீல மருந்தும் ஒரு மஞ்சள் மருந்தும் கொடுத்தார்கள். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். என்ன நோய் என்றே தெரியாமல் மருந்து ஊற்றுவது பணத்துக்கும் கேடு, மீனுக்கும் கேடு. உங்கள் மீன்களுக்கு நோயே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம், தண்ணீர்தான் விஷமாகியிருக்கும்.

மீன் விடும் கழிவு, அது தின்னாமல் விட்ட தீனி, எல்லாமே அம்மோனியாவாக மாறுகிறது. அதற்கு நிறம் இல்லை, அதனால்தான் தண்ணீர் பளிங்கு மாதிரி தெரிகிறது. பழைய தொட்டியில் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் ஒரு வகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை, வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு வகை பாக்டீரியாவும் தேவையான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு நாள் ஃபில்டர் ஓடினால் ஒன்றும் பெருகாது, ஏனென்றால் அம்மோனியா இல்லாத வெறும் தண்ணீரில் அவற்றுக்குச் சாப்பாடே கிடையாது. இதில் அந்த நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாக இருந்தால் (பெரும்பாலும் அதுதான்), இப்போதுதான் முளைவிட்டிருக்கும் அந்தக் கொஞ்சநஞ்ச பாக்டீரியாவையும் அது கெடுத்துவிடும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, இன்றே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் தொட்டியின் வெப்பநிலைக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கட்டும், குளோரின் நீக்கியதாக இருக்கட்டும். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகப் போடுங்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் சாகாது. தினமும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள், இரண்டில் எது 0.5 பிபிஎம்மைத் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தொட்டாலும் மறுபடி தண்ணீர் மாற்ற வேண்டியதுதான். சில வாரம் இப்படி ஓட்ட வேண்டியிருக்கும். செத்த மீனுக்குப் பதிலாகப் புது மீன் வாங்கி விடுவதை மட்டும் அதுவரை செய்யாதீர்கள்.

கேள்வி: இன்னும் மீன் வாங்கவில்லை, தொட்டி மட்டும் தயார். பாட்டிலில் விற்கும் பாக்டீரியா திரவம் வாங்கி ஊற்றினால் அன்றே மீன் விடலாம் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: அன்றே விடலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். திரவம் முழுப் புரட்டு என்று சொல்ல மாட்டேன், சில வேலை செய்கின்றன. ஆனால் உள்ளே இருப்பது உயிருள்ள பொருள், வெயிலில் காய்ந்த லாரியிலும் வெக்கையான கடை அலமாரியிலும் மாதக்கணக்கில் கிடந்த பிறகு எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதை லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், ஊற்றுங்கள், ஆனால் அளந்து பார்க்காமல் மீன் விடாதீர்கள்.

மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்குவதுதான், அதாவது அந்த பாக்டீரியாவைப் பெருக்கி வைப்பதுதான், நல்ல வழி. வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியா திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவை 2 பிபிஎம் பக்கம் கொண்டுவாருங்கள், குறையும்போதெல்லாம் மறுபடி விடுங்கள். அப்படி விட்ட அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பெரிய அளவில் ஒருமுறை தண்ணீர் மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். நடுவில் முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்தது போலக் கலங்கினால் பயப்படாதீர்கள், தானே தெளியும், அதைத் தெளிய வைக்க விற்கும் திரவமெல்லாம் தேவையில்லை.

காசே இல்லாத வழியும் ஒன்று இருக்கிறது. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு, காயாமல் ஈரத்தோடு கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் சொருகுங்கள். எந்த பாட்டிலை விடவும் இதைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: தண்ணீரைச் சோதிக்க, முக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப் போதுமா, சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வேண்டுமா? விலை வித்தியாசம் நிறைய.

பதில்: சொட்டு கிட். பல ஸ்ட்ரிப் பாக்கெட்டுகளில் அம்மோனியாவுக்கான கட்டமே இருக்காது, புதுத் தொட்டிக்காரருக்கு முதலில் வேண்டியதே அதுதான். கிட்டின் விலை முதலில் உறுத்தும், ஆனால் ஒரு கிட்டில் பல மாதம் ஓட்டலாம். நைட்ரேட் பாட்டிலை மட்டும் குறிப்பில் சொன்ன நேரம் வரை நன்றாகக் குலுக்குங்கள், இல்லாவிட்டால் குறைத்துக் காட்டும்.

இதோடு குளோரின் நீக்கியும் வாங்குங்கள். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் சில ஊர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள்) கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது.

கேள்வி: ஃபில்டர் கார்ட்ரிட்ஜை (உள்ளே சொருகும் ஸ்பாஞ்சுத் துண்டை) மாதாமாதம் புதிதாக மாற்றச் சொல்லி அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறதே?

பதில்: கார்ட்ரிட்ஜ் விற்பவர் வேறு என்ன போடுவார்? அதைத் தூக்கிப் போட்டால் பாக்டீரியாவில் பெரும்பகுதியும் கூடவே குப்பைக்குப் போகும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாகப் பிழிந்து மறுபடி போடுங்கள், குழாயடியில் வேண்டாம். கிழிந்து நைந்தால் மாற்றினால் போதும்.

கேள்வி: தொட்டி தயாராகிவிட்டது. கடையில் மீனை எப்படிப் பார்த்து வாங்குவது? செத்தால் பணம் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதலில் அந்தத் தொட்டியில் செத்த மீன் ஏதாவது மிதக்கிறதா என்று பாருங்கள், ஒன்று இருந்தாலும் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி, வேகமாக மூச்சு வாங்குவது, இவை இருந்தாலும் கூடாது. கொஞ்சம் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தின்னாத மீன் வேண்டாம்.

எந்த மீன் என்பதும் முக்கியம். கோல்ட்ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், 24 முதல் 27 டிகிரி தொட்டியில் டெட்ரா போன்ற சின்ன வெப்பமண்டல மீன்களோடு சேர்க்கும் மீன் இல்லை. பாசி தின்னும் என்று விரலளவில் விற்கும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும், 60 லிட்டரில் அது திரும்பக்கூட முடியாது. இதைச் சொல்லாமல் விற்கும் கடையின் மற்ற யோசனைகளையும் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள். நியான் டெட்ராவைச் சில மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். முதலில் நான்கைந்து சின்ன மீன், இரண்டு வாரம் அளந்து பார்த்துவிட்டு அடுத்தவை. வீட்டில் பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

பணம் திரும்பக் கிடைப்பது கடைக்குக் கடை மாறும், அதனால் வாங்கும் முன்பே கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். சில கடைகள் செத்த மீனோடு உங்கள் தொட்டித் தண்ணீரையும் கொண்டுவரச் சொல்லி அளந்து பார்ப்பார்கள், அம்மோனியா காட்டினால் தர மாட்டார்கள். மீன் விட்ட அன்றே உங்கள் கிட்டில் அளந்து, தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் அந்தப் பேச்சில் உங்கள் கை ஓங்கும்.