90,000 ரூபாய்க்கு வாஷ்பேசின் கேபினட்: இ.எம்.ஐ. போடலாமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 14 வருடப் பழைய அடுக்குமாடி வீடு எங்களுடையது. நான், கணவர், கல்லூரி போகும் மகள், மாமியார் என நால்வருக்கும் பொதுவான பாத்ரூமில், சுவரில் மாட்டிய பழைய வாஷ்பேசின் மட்டும்தான் இருக்கிறது. பேஸ்ட் முதல் பினாயில் வரை எல்லாம் ஜன்னல் திண்டில் கிடக்கின்றன. ஒரு ஷோரூமில் 42 அங்குல வேனிட்டி யூனிட் பார்த்தோம். கேபினட் 46,000, மேலே உட்காரும் டேபிள்டாப் பேசின் 14,000, கறுப்புக் குழாய் 9,500, எல்.இ.டி. கண்ணாடி 15,500, பொருத்தும் கூலி 5,000 என மொத்தம் 90,000 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் 85,000. இல்லையென்றால் கிரெடிட் கார்டில் 12 மாத நோ-காஸ்ட் (வட்டியில்லா) இ.எம்.ஐ. வீட்டின் மதிப்பும் கூடும் என்கிறார் கடைக்காரர். மாதம் 8,000 ரூபாய் போகும் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி.யை ஒரு வருடம் நிறுத்திவிட்டு இ.எம்.ஐ. கட்டலாமா? அல்லது அவசரத்துக்கு வைத்திருக்கும் 1.5 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட்டிலிருந்து எடுக்கலாமா? எங்கள் போர் தண்ணீர் உப்பு. பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி.

— மடிப்பாக்கம் வாசகி

பதில்: எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டாம், டெபாசிட்டைத் தொட வேண்டாம். ஆனால் கேபினட் ஆசையையும் விட வேண்டாம். நான்கு பேர் தினமும் காலையில் நிற்கும் இடம் அது. அங்கே ஒழுங்கும் அழகும் வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரம் இல்லை. நான் மாற்றச் சொல்வது அந்த 90,000 ரூபாய்ப் பட்டியலைத்தான்.

முதலில் இ.எம்.ஐ. மொத்தமாகக் கட்டினால் 85,000, தவணை என்றால் 90,000 எனும்போது அந்த 5,000 ரூபாய்தான் வட்டி. 7,500 வீதம் 12 மாதம் கட்டினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 11 சதவீத வட்டிக் கடனுக்குச் சமம். இதற்கு மேல் வங்கியின் பிராசஸிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இரண்டும் வந்தால் 13 சதவீதத்தைத் தொடும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஒரு மாதம் தவணை தவறினால் கதை வேறு: பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல்.

வீட்டு மதிப்பு கூடும் என்பதை நம்பாதீர்கள். 14 வருடப் பழைய ஃபிளாட்டை வாங்க வருபவர் முதலில் கேட்பது யு.டி.எஸ். (மனையில் அந்த ஃபிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, தண்ணீர் எப்படி, கார் நிறுத்த இடம் உண்டா என்பதைத்தான். பாத்ரூம் பளிச்சென்று இருந்தால் அவருக்குப் பிடிக்கும். ஆனால் அதற்காக 90,000 ரூபாய் கூட்டித் தர மாட்டார். ஆகவே இதை முதலீடாகப் பார்க்காமல், பயன்படுத்தித் தீரும் பொருளாகவே பாருங்கள். அப்படிப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எத்தனை வருடம் உழைக்கும்?

இங்கேதான் ஷோரூம் கேபினட் எனக்குக் கவலை தருகிறது. கடையில் அது காய்ந்த டைல்ஸ் மேல் நிற்கிறது. நம் வீட்டுப் பாத்ரூமில் வாளி வைத்து, மக்கில் மொண்டு குளிக்கிறோம். தரை நாள் முழுக்க ஈரம். உங்கள் 5 அடி அகலத்தில் தண்ணீர் தெறிக்காத மூலையே இருக்காது. எங்கள் வீட்டில் நாங்கள் முதலில் வாங்கிய கேபினட்டும் பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே இருந்தது எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அடிப்பலகை ஊறி, அப்பம் போல உப்பிவிட்டது. உப்பிய எம்.டி.எஃப்.பைச் சரிசெய்ய வழியே இல்லை, தூக்கித்தான் போட வேண்டும். கொடுத்த பணத்தை நினைத்து என் மனைவி பல நாள் வருந்தினாள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: 46,000 ரூபாய்க் கேபினட் எந்தப் பலகையால் ஆனது என்று கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேண்டாம்.

ஈரத்துக்குத் தாங்குவது இரண்டு. தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் ஒன்று. அதன் வெட்டிய ஓரம் எல்லாம் எட்ஜ் பேண்ட் (ஓரப்பட்டை) ஒட்டி மூடியிருக்க வேண்டும், பின்பக்கமும் குழாய்க்காகப் போட்ட ஓட்டையும் சேர்த்துத்தான். இன்னொன்று மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. பலகை. தண்ணீர் இதை ஒன்றும் செய்யாது, ஆனால் மலிவான, எடை குறைந்த பலகையில் கீலின் திருகு நாளடைவில் தளர்ந்து கதவு தொங்கும். கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை வாங்குங்கள். கீல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். கேபினட் தரையிலிருந்து 8, 10 அங்குலமாவது மேலே நிற்க வேண்டும். கீழே துடைக்கவும் கை போகும், இடமும் பெரிதாகத் தெரியும்.

இடம் என்றதும் அளவு. 5 அடி அகலத்தில் 42 அங்குல யூனிட் வைத்தால் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு 30 அங்குல நீளம், 18 அங்குல ஆழம் போதும். சாமான் அடங்குமா என்ற சந்தேகத்துக்கு, இந்த ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமில் இருப்பதையெல்லாம் ஹாலில் பேப்பர் விரித்து அடுக்குங்கள். தினமும் எடுப்பது, வாரம் ஒருமுறை எடுப்பது, காலாவதியானது என்று மூன்றாகப் பிரியும். பல வீடுகளில் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது குவியல் எப்போதும் ஆச்சரியப்படுத்தும். தினசரிச் சாமான் கண்ணாடிக்குப் பின்னால் 5 அங்குல ஆழக் கேபினட்டில் போகட்டும். கீழே இழுப்பறை இரண்டு, உயரமான பாட்டிலுக்கு ஒரு கதவு. டாய்லெட் கழுவும் ஆசிட்டை மட்டும் உள்ளே வைக்காதீர்கள்; மூடிய இடத்தில் அதன் ஆவி கீலையும் குழாயையும் அரித்துவிடும்.

அப்புறம் உப்புத் தண்ணீர். கறுப்புக் குழாயில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியாகக் காயும். அதைப் போக்கத் தேய்த்தால் பூச்சும் போகும். சாதாரண குரோம் குழாய் வாங்குங்கள், தினம் ஒரு துணியால் துடைத்தால் போதும். டேபிள்டாப் பேசினுக்கும் அது உட்காரும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கில் உப்பும் அழுக்கும் சேரும். கல்லுக்குக் கீழே பதிக்கும் அண்டர்கவுன்டர் பேசின் என்றால் கல்லில் சிந்திய தண்ணீரை அப்படியே பேசினுக்குள் வழித்துவிடலாம், விலையும் குறைவு. கேபினட்டின் மேல், புள்ளிகள் கொண்ட சாம்பல் நிறக் கிரானைட் போடுங்கள், உப்புக்கறை கண்ணில் படாது. எல்.இ.டி. கண்ணாடிக்குப் பதில், கண்ணாடியின் இரண்டு பக்கமும் முக உயரத்தில் சாதாரண விளக்குகள். முகத்தில் நிழல் விழாது. பழுதானால் தெருமுனைக் கடையிலேயே பல்பு கிடைக்கும்.

என் கணக்கு இது. தச்சர் செய்யும் 30 அங்குலக் கேபினட் 18,000, பேசின் 4,000, குழாய் 4,500, கண்ணாடிக் கேபினட் 9,000, கிரானைட் 4,500, விளக்குக்கும் பிளம்பர் கூலிக்கும் 4,000 என்று ஒதுக்கினால் 44,000 ரூபாய். உங்கள் பகுதியில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். மாதம் 7,500 தவணை கட்டத் தயாராகத்தானே இருந்தீர்கள்? எஸ்.ஐ.பி. அப்படியே போகட்டும், வீட்டுச் செலவில் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அதே 7,500-ஐ ஆறு மாதம் ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் வங்கி டெபாசிட்டில்) போடுங்கள், 45,000 சேர்ந்துவிடும். அது முடியாது, 4,500தான் முடியும் என்றால் பத்து மாதம். அதுவரை பழைய பேசின் இருக்கட்டும். 3,000 ரூபாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் கேபினட்டை மட்டும் வாங்கி மாட்டினாலும் ஜன்னல் திண்டு காலியாகும்.

அழகுக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. கேபினட் நிறத்தை டைல்ஸில் இருக்கும் ஏதாவது ஒரு வெளிர் நிறத்திலிருந்து எடுங்கள். கல்லின் மேல் சோப்பும் ஒரு கண்ணாடிக் குவளையில் மணி பிளான்டும் தவிர எதுவும் வேண்டாம். மங்கிய வெளிச்சத்திலும் அது வளரும். நிறத்தை மகள் தேர்ந்தெடுக்கட்டும், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதில் நல்ல கண் உண்டு.

மாமியாரின் தேவை என்ன என்று நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. வயதானவர்கள் முகம் கழுவும்போது பேசினைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். சுவரில் தொங்கும் கேபினட் அந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. கல்லின் உயரம் தரையிலிருந்து 32 அங்குலம் இருக்கட்டும். பிளம்பர் வரும் அன்றே பக்கத்துச் சுவரில், டைல்ஸோடு நிற்காமல் செங்கல் வரை திருகு இறங்கும்படி, ஒரு ஸ்டீல் கைப்பிடியும் மாட்டச் சொல்லுங்கள். என் கணக்கில் அது சேரவில்லை, அதற்கு ஆர்.டி.யில் மிஞ்சும் 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள்.