ஐரோப்பிய ஆய்வியல் படித்தால் வேலை எங்கே?

வணக்கம் அம்மா. "இதைப் படித்துவிட்டு என் மகள் எந்த வேலைக்குப் போவாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். அரசியல், சட்டம், பொருளாதாரம், வரலாறு எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் படிப்பு இது. கையோடு ஒரு பதவியைத் தந்துவிடாது. கூடவே ஒரு மொழியையும் ஒரு துறையையும் ஆழமாகக் கற்றால்தான் இந்தப் பட்டத்துக்கு மதிப்பு.

குடியுரிமை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் நிரந்தர அதிகாரியாகப் போட்டித் தேர்வு எழுத, ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளில் ஒன்றின் குடியுரிமை வேண்டும். மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கும் ஆணையத்தின் ஐந்து மாதப் பயிற்சியில் பிற நாட்டவருக்குச் சில இடங்கள் உண்டு. அது பயிற்சிதான், நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் அல்ல. குடியுரிமை இல்லாத பிள்ளையை அந்த ஒரு கனவை மட்டும் நம்பி, கடன் வாங்கி அனுப்பாதீர்கள்.

ஆனால் ஆணையத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் நகரம் என்றால் ஆணையம் மட்டுமா? தொழில் சங்கங்கள், ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், சட்ட அலுவலகங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆணையம் ஒரு சட்ட வரைவை வெளியிடுகிறது; ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் திருத்தங்களைக் குவிக்கிறார்கள். ஒரு தொழில் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர் அவற்றைப் பிரிவு பிரிவாகப் படித்து, எந்த வாசகம் தம் உறுப்பினர்களைப் பாதிக்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். மறுநாள் கூட்டத்தில் மேலாளர் பேசுவது அந்தப் பக்கத்தை வைத்துத்தான். பிழையில்லாமல், சுருக்கமாக எழுதத் தெரிந்தவரை அங்கே யாரும் விடமாட்டார்கள்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு நான் அதிகம் நம்பிக்கையோடு சொல்லும் வழி வேறு. ஒன்றியத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிகள், 2024-இல் அமலுக்கு வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், இறக்குமதியாகும் எஃகுக்கும் சிமென்டுக்கும் கார்பன் உமிழ்வுக் கணக்குக் கேட்கும் எல்லை விதிகள் ஆகியவை ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களையும் பிடிக்கின்றன. இவற்றைப் படித்து விளக்குபவர்கள் வங்கிக்கும் வேண்டும், மென்பொருள் நிறுவனத்துக்கும் வேண்டும், ஏற்றுமதியாளருக்கும் வேண்டும். ஆகவே விருப்பப் பாடமாகத் தரவுச் சட்டம், எரிசக்தி, வணிகம் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்றியத்துக்கு 24 ஆட்சிமொழிகள் இருந்தாலும் ஆணையத்தின் அன்றாட அலுவல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மனில்தான் நடக்கிறது. பிரெஞ்சு வகுப்பில் இப்போதே சேர்த்துவிடுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்சிப் பணி பாடத்திட்டத்திலேயே இருக்கிறதா, பழைய மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் இதையும் செய்யுங்கள். யூர்-லெக்ஸ் இணையதளத்தில் ஒன்றியத்தின் சட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்றை எடுத்து, அதனால் யாருக்கு லாபம், யாருக்குச் சுமை என்று மகளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆர்வமாக அடுத்த சட்டத்தைத் தேடினால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். இரண்டு பக்கத்திலேயே சலித்துவிட்டால், வேறு படிப்பைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசலாம்.