புள்ளி வராத நாற்றுகளைத் தூக்கிப் போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

கள்ளி வளர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் நட்சத்திரக் கள்ளி எனப்படும் ஆஸ்ட்ரோஃபைட்டம் பக்கம் வந்தேன். என்னிடம் மூன்று சூப்பர் கபுட்டோ (அதில் ஆஸ்டீரியாஸ் என்ற இனத்தின் வெண்புள்ளி மிகுந்த வகை) இருக்கின்றன. இரண்டு ஒரே நர்சரியில் வாங்கியவை, மூன்றாவது வேறு இடத்தில். புள்ளி குறைந்த சாதாரண ஆஸ்டீரியாஸ் ஒன்றும், வேறு இனமான மிரியோஸ்டிக்மா ஒன்றும் உண்டு. போன கோடையில் பிரஷ்ஷால் மகரந்தம் மாற்றிப் பார்த்தேன். ஒரே இடத்தில் வாங்கிய இரண்டுக்கும் இடையே எத்தனை முறை செய்தும் காய் பிடிக்கவில்லை. அவற்றில் ஒன்றில் சாதாரணச் செடியின் மகரந்தத்தை வைத்தபோது காய் வந்தது, விதையும் முளைத்தது. ஆனால் மூன்று வாரத்தில் பாதி நாற்றுகள் அடியில் கண்ணாடி போலாகிச் சாய்ந்துவிட்டன. பிழைத்தவற்றில் ஆறு மாதமாகியும் தாய்ச்செடியின் வெண்மை இல்லை. இவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாமா? மிரியோஸ்டிக்மாவோடு கலந்தால் புது ரகம் சீக்கிரம் கிடைக்குமா?

மகாலட்சுமி, பல்லடம்

அன்புள்ள மகாலட்சுமி,

தூக்கிப் போட வேண்டாம். உங்களிடம் இருப்பவற்றில் மதிப்பு மிக்கவை அந்த நாற்றுகள்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் காய் பிடிக்காத விஷயம்.

ஆஸ்டீரியாஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. ஒரே செடியின் இரண்டு பூக்களுக்கிடையே மாற்றினாலும் காய் வராது. ஒவ்வொரு செடியும் இரண்டு பொருத்த அடையாளங்களைச் சுமக்கிறது, ஒவ்வொரு மகரந்தத் துகளும் அவற்றில் ஒன்றைச் சுமக்கிறது. துகளின் அடையாளம் பெண் செடியின் இரண்டில் எதனோடாவது ஒத்துப்போனால், மகரந்தக் குழல் சூல்தண்டிலேயே நின்றுவிடும். கள்ளிக் குடும்பத்தில் ஆராயப்பட்ட செடிகளில் தெரிவது இந்த முறைதான். இதன்படி ஒரே காயில் பிறந்த உடன்பிறப்புகளில் ஏதாவது ஒரு ஜோடியை எடுத்தால், நாலில் ஒரு வாய்ப்பு அந்த ஜோடி ஒன்றையொன்று முழுதாக மறுக்கும். இன்னும் பாதி வாய்ப்பு, மகரந்தத்தில் பாதி மட்டும் வேலை செய்யும்.

உங்கள் இரண்டு செடிகளும் உடன்பிறப்புகளாக இருக்கலாம். அதைவிட மோசமாக, இரண்டும் ஒரே செடியாகவே இருக்கலாம். நல்ல சூப்பர் கபுட்டோவின் நுனிக்குருத்தை வெட்டி, பக்கக்குட்டிகளை எழுப்பி, ஒவ்வொன்றையும் ஒட்டுக் கட்டி விற்பது நடைமுறை. தொட்டியிலிருந்து எடுத்து அடியைப் பாருங்கள். வேர்க்கழுத்தில் வேறு நிறத்தில் ஒரு வளையமோ பச்சைத் தண்டின் மிச்சமோ இருந்தால் அது ஒட்டிலிருந்து வந்தது. உடலின் மேடுகளான விலாக்களின் எண்ணிக்கை, அவற்றின் மேல் வரிசையாக உள்ள பஞ்சுப் பொட்டுகளின் இடைவெளி, பூவின் அடிச்சிவப்பு என எல்லாம் அச்சாக ஒத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், ஒரே செடிதான். அந்த ஜோடியை விட்டுவிட்டு மூன்றாவது செடியைப் பயன்படுத்துங்கள்.

மகரந்தம் மாற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பூ நண்பகலை ஒட்டி விரிந்து மாலையில் மூடும், இரண்டு மூன்று நாள் இருக்கும். நடுவில் இருக்கும் சூல்முடியின் கிளைகள் முதல் நாள் கூம்பியிருந்தால் காத்திருங்கள். நட்சத்திரமாகப் பிரிந்து லேசாகப் பிசுபிசுக்கும்போதுதான் அது ஏற்கும், பெரும்பாலும் அது இரண்டாம் நாள் மதியம். பிரஷ் வேண்டாம். போன செடியின் மகரந்தம் மயிர்களுக்குள் ஒளிந்திருக்கும், யார் தந்தை என்ற கணக்கே கெட்டுவிடும். இடுக்கியால் தந்தைப் பூவிலிருந்து ஏழெட்டு மகரந்தத் தாள்களைப் பிடுங்கி, கொத்தாகப் பிடித்து, சூல்முடி மஞ்சளாகும் வரை தடவுங்கள். அடுத்த செடிக்குப் போகுமுன் இடுக்கியை ஸ்பிரிட்டில் துடைத்து உலர விடுங்கள். பூ விரியும் முன்பே மெல்லிய நைலான் வலையால் மூடிவிட்டால் தேனீ வேலையைக் கெடுக்காது. இரண்டு செடிகளும் ஒரே வாரத்தில் பூக்காவிட்டால், உலர்ந்த மகரந்தத்தைச் சிறு காகிதப் பொட்டலத்தில் மடித்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். சில வாரம் தாங்கும்.

ஒரு வாரம் கழித்து வாடிய பூவை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் காய் இல்லை. பிடித்திருந்தால் அடி தடிக்கும், நாலு முதல் ஆறு வாரத்தில் பழுக்கும். ஆஸ்டீரியாஸ் காய் அடிப்பக்கம் வெடித்து விதையைச் செடியின் உச்சிப் பஞ்சுக்குள் கொட்டும், எறும்பு ஒரே இரவில் தூக்கிப் போய்விடும். காய் நிறம் மாறியதும் வலையை மறுபடி கட்டிவிடுங்கள்.

அடுத்தது நாற்று சாய்ந்தது. கண்ணாடி போலாகிச் சாய்வது நாற்றழுகல். இதற்குப் பலரும் கார்பெண்டசிம் தெளித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். நாற்றழுகலைக் கொண்டுவருபவற்றில் பித்தியம் என்ற நுண்ணுயிர் முக்கியமானது. அது உண்மைப் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல, கார்பெண்டசிம் அதைத் தொடாது. விதைக்கும்போது கேப்டான் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து நனைப்பது அதைவிடப் பயன் தரும். சாய்வு தொடங்கிய பிறகு மெட்டலாக்ஸில், மேங்கோசெப் கலந்த மருந்து. இரண்டுக்கும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தை விட மண்கலவை முக்கியம். ஒரு பங்கு சலித்த கோகோபீட், இரண்டு பங்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது உடைத்த செங்கல் துகள். கோகோபீட்டில் உப்பு இருக்கும், வாளியில் ஊறவைத்து மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்தெடுங்கள். எம்-சாண்ட் போடுவதானால் அதன் மாவு முழுதும் கழுவிப் போக வேண்டும். இல்லாவிட்டால் அது சிமெண்ட் போல இறுகி வேருக்குக் காற்று போகாது. மண்புழு உரம் விதைக் கலவையில் வேண்டவே வேண்டாம், பாசியும் பூஞ்சைக் கொசுவும் அதில்தான் வரும். ஈரமாக்கிய கலவையை இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் ஆவியில் வைத்து, மூடியபடியே ஆறவிட்டு விதையுங்கள். விதையை மேலாகத் தூவினால் போதும், புதைக்கக் கூடாது.

விதை புதிதாக இருக்கட்டும். ஆஸ்ட்ரோஃபைட்டம் விதையின் முளைப்புத் திறன் ஓரிரு ஆண்டிலேயே சரிந்துவிடும். 25 முதல் 30 டிகிரியில் புது விதை மூன்றிலிருந்து ஏழு நாளில் முளைக்கும். உங்கள் ஊர் ஏப்ரல் மொட்டை மாடியில் மூடிய டப்பா உள்ளே 40 டிகிரியைத் தாண்டும், நாற்று வெந்துவிடும். வீட்டுக்குள் எல்இடி விளக்கடியில், ஒரு சாண் இடைவெளியில், தினம் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். நாற்று செம்மண் நிறத்துக்குப் போனால் வெளிச்சம் அதிகம், கழுத்து நீண்டு பச்சையாக வெளுத்தால் குறைவு. மூடியை மூன்றாவது வாரத்திலிருந்து தினம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். உங்கள் நாற்றுகள் சாய்ந்த அதே மூன்றாவது வாரத்தில்தான் மூடி திறக்காத டப்பாக்கள் பெரும்பாலும் அழுகுகின்றன.

இனி புள்ளி. சூப்பர் கபுட்டோ 1980களில் ஜப்பானியத் தோட்டங்களில் பெருக்கப்பட்ட வகை. ஆஸ்டீரியாஸ் இனம் டெக்சாஸின் தென்முனையிலும் மெக்சிகோவின் வடகிழக்கிலும் புதர் நிழலில் வளர்வது. அதன் மேல்தோலில் சிதறிய சிறு வெண்மயிர்க் கொத்துகள் இந்த வகையில் பெருத்து, நெருங்கி, ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. இதைச் சாதாரணச் செடியோடு கலந்தால் முதல் தலைமுறையில் தாயைப் போல வெள்ளையாக வருவது அரிது. சாதாரணமாகவோ நடுத்தரமாகவோதான் வரும். உங்கள் நாற்றுகள் அதைத்தான் செய்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் தாயின் பங்கு பாதி இருக்கிறது. அவற்றையே தங்களுக்குள் கலக்கும்போதுதான் மறைந்த குணம் வெளியே வரும். முதல் தலைமுறையைப் பார்த்து மனம் விட்டுப் போய்க் குப்பையில் கொட்டுவதால்தான் நம்மூரில் கலப்புச் செய்பவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

இரண்டாம் தலைமுறையில் எத்தனை நாற்று வளர்க்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரே ஒரு ஒடுங்கு ஜீனால் (தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவது) வரும் குணம் என்றால் நாலில் ஒன்று வெளிப்படும். ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 11 நாற்று போதும். இரண்டு ஜீன் என்றால் பதினாறில் ஒன்று, 47 நாற்று வேண்டும். மூன்று என்றால் அறுபத்து நான்கில் ஒன்று, 191. வெள்ளைப் புள்ளி ஒரே ஜீனின் வேலையாகத் தெரியவில்லை, நடுத்தர நாற்றுகள் வருவதே அதற்கு அறிகுறி. ஆகவே இரண்டு காய் விதையாவது முழுதாக வளர்க்க இடம் ஒதுக்கிவிட்டு இறங்குங்கள். பெரிய பஞ்சுப் பொட்டு உள்ள ஓயிபோ, விலாக்களுக்கு நடுப்பள்ளத்திலும் பொட்டு வைத்து அங்கும் பூக்கும் ஹனசோனோ, ஆமையோட்டு மடிப்பு விழும் கிக்கோ என்று ஜப்பானியர் பிரித்து வளர்க்கும் குணங்கள் பல. எல்லாவற்றையும் ஒரே செடியில் ஏற்ற ஆசைப்பட்டால் மேலே சொன்ன எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். ஒரு குணத்தைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

தேர்வில் ஏமாற வாய்ப்புகள் நிறைய. கிக்கோ மடிப்பு போலத் தெரிவது, தண்ணீர் காய்ந்து வளர்ச்சி தடைபட்ட தழும்பாக இருக்கலாம். அடுத்த பருவத்தில் வரும் புதுத் தோலிலும் மடிப்பு தொடர்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். மேலிருந்து பூவாளியால் ஊற்றினால் வெண்கொத்துகள் உதிர்ந்துவிடும், பழைய தோலில் திரும்ப முளைக்காது. போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவோ இல்லாத வெண்மையைக் காட்டும். அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்ச விட்டு வளர்த்த செடிகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். புள்ளியின் போக்கு இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கினாலும், உடல் இரண்டு சென்டிமீட்டர் ஆகும்வரை எதையும் கழிக்காதீர்கள், நோயுற்றதைத் தவிர.

சொந்த வேரில் ஆஸ்டீரியாஸ் பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு. பெரெஸ்கியோப்சிஸ் என்ற இலையுள்ள கள்ளியின் தண்டில் ஒட்டினால் ஒன்று ஒன்றரை ஆண்டில் பூத்துவிடும். இரண்டு தலைமுறை காண வேண்டிய உங்களுக்கு இது பெரிய லாபம். நாலு மில்லிமீட்டர் அளவு நாற்று, வேகமாக வளரும் இளந்தண்டு, புது பிளேடு. தண்டின் நுனியை மென்மையான இடத்தில் வெட்டி, நாற்றின் அடியை வெட்டி, இரண்டின் சாறும் உலருமுன் வைத்து, விரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, ஈரப்பதம் உள்ள மூடிய டப்பாவில் நாலைந்து நாள் நிழலில் விடுங்கள். முற்றிய தண்டும் தாமதமான கையும்தான் ஒட்டுத் தோற்கக் காரணம். ஆனால் ஒட்டுச் செடி ஊதிப் பெருத்து, விலா மழுங்கி, புள்ளி விலகிக் காணப்படும். அதை வைத்து வடிவத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது. பாதி நாற்றை ஒட்டி விதைக்கும், மீதியைச் சொந்த வேரில் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிரியோஸ்டிக்மா கலப்பு எளிதாகக் காய்க்கும், நாற்றும் தடித்து வேகமாக வளரும். ஆனால் ஆஸ்டீரியாஸின் தட்டையான உடலும் ஒழுங்கான எட்டு விலாவும் முதல் தலைமுறையிலேயே போய்விடும், திரும்பக் கொண்டுவர இன்னும் இரண்டு மூன்று தலைமுறை ஆகும். மிரியோஸ்டிக்மா பக்கம் ஆசை இருந்தால் ஒன்சுகா வகையை அதன் இனத்துக்குள்ளேயே பெருக்குங்கள். ஜப்பானிய வளர்ப்பாளர் ஒன்சுகாவின் பெயர் தாங்கிய அந்த வகை, வெண்கோலம் மிகுந்த செடிகளைத் தொடர்ந்து தேர்ந்து கலந்து உருவானது. அவசரத்துக்கு இனம் தாண்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வெளிநாட்டு விதைக்கு ஆசைப்படுமுன் ஒன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஆஸ்டீரியாஸ் 1987 முதல் இருக்கிறது, காட்டுச் செடியை நாடு விட்டு நாடு வணிகத்துக்கு வாங்கவோ விற்கவோ முடியாது. தாவர நோய்த்தடுப்புச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் உறையில் வரும் விதை வேண்டாம். உள்நாட்டில் விதை எடுப்பவர்களே இப்போது போதுமான அளவு இருக்கிறார்கள்.

இந்தக் கோடைக்கு உங்கள் வேலை இரண்டு. காய்த்த சூப்பர் கபுட்டோவில் மூன்றாவது செடியின் மகரந்தம், அதையே திருப்பியும் ஒருமுறை. இரண்டு பக்கமும் புள்ளிச் செடி என்பதால் வெண்மை கூடிய நாற்றுகள் இதில்தான் அதிகம் கிடைக்கும். பிழைத்த நாற்றுகளில் நல்ல வளர்ச்சியுள்ளவற்றைப் பாதிக்குப் பாதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாத நாற்று பெரெஸ்கியோப்சிஸுக்குப் பெரிதாகிவிட்டிருந்தால் டிராகன் பழத் தண்டில், இரண்டின் வெட்டுமுகத்திலும் நடுவில் தெரியும் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று படும்படி வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். அவை பூக்கும்போது ஒன்றோடொன்றும், மூன்றாவது செடியோடும் கலந்து பாருங்கள். மார்க்கர் எழுத்து நம் வெயிலில் ஒரு வருடம் நிற்காது. குளிர்பான அலுமினிய டப்பாவைக் கீற்றாக வெட்டி, மொட்டையான பால்பாயின்ட் பேனாவால் அழுத்தித் தாய் பெயரை முதலிலும் தந்தை பெயரைப் பின்னும் எழுதி, தேதி போட்டுத் தொட்டியில் செருகுங்கள்.