சிரிப்புப் பாட்டிலிருந்து வந்த பெயர்

கேள்வி: டெத் கேப் ஃபார் க்யூட்டி என்ற அமெரிக்க இசைக்குழுவே ஒரு பழைய காமெடி ரெக்கார்டிலிருந்து பிறந்ததுதான் என்கிறான் என் மகன். சோகப் பாட்டுக்காரர்களுக்குக் காமெடி ரெக்கார்டிடம் என்ன வேலை?
(ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பையன் சொல்வதில் பாதி சரி. பெயர் அங்கிருந்து வந்ததுதான். பான்சோ டாக் டூ-டா பேண்ட் என்ற இங்கிலாந்துக் குழு 1967-ல் போட்ட 'கொரில்லா' இசைத்தட்டில் அது ஒரு பாட்டின் தலைப்பு. அதுவும் பழைய அமெரிக்கக் குற்றக்கதைப் பத்திரிகை ஒன்றில் அந்த பான்சோ குழுவின் நீல் இன்னஸ் கண்ணில் பட்டது. காதலன் தடுத்தும் கேட்காமல் ராத்திரியில் டாக்ஸி ஏறிப் போன பெண் விபத்தில் சாகிறாள், அதை பான்சோ குழுப் பாடகர் விவியன் ஸ்டான்ஷால் எல்விஸ் பிரெஸ்லி போலக் குரலைக் குழைத்துப் பாடுவார். முப்பது வருஷம் கழித்து, 1997-ல், வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்ஹாமில், உங்கள் பையன் சொல்லும் குழுவைத் தொடங்கிய பென் கிப்பார்ட் முதலில் தனியாளாகப் பாட்டுகளைப் பதிவு செய்து கேசட் போட்டபோது இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். கிப்பார்டின் பாட்டுகளில் அந்தக் காமெடிச் சாயல் கிடையாது. நம் பக்கம் மாமரத்துத் தோட்டம் என்பார்கள், போய்ப் பார்த்தால் மஞ்சளும் கரும்பும்தான் நிற்கும், எந்த மரத்தை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று அப்பாருவுக்கே தெரியாது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் இது.

ஆனால் 'காமெடி ரெக்கார்டிடம் என்ன வேலை' என்று கேட்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பான்சோ ஆட்கள் சந்தைகளில் பழைய 78 சுற்று ரெக்கார்டுகளைத் தேடி வாங்கி, 1920-களின் மறந்துபோன பாட்டுகளை உருப்போட்டுப் பாடியவர்கள். எல்விஸ் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்று தெரியாமல் எல்விஸைக் கிண்டல் செய்ய முடியுமா? இதே இன்னஸ் பின்னால் 1978-ல் ரட்டில்ஸ் என்ற பெயரில் பீட்டில்ஸைக் கிண்டல் செய்து எழுதிய பாட்டுகள், பீட்டில்ஸ் பாட்டுகளின் உரிமை வைத்திருந்த நிறுவனம் வருமானத்தில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அச்சாக இருந்தன. உடுமலைப் பக்கம் வல்லகுண்டாபுரத்திலிருந்து போன கவுண்டமணியின் வசனத்தை, அவர் நிறுத்துகிற இடம்கூடத் தப்பாமல் சொல்கிற ஊர்க்காரர் நீங்கள். அந்த நிறுத்தத்துக்குப் பின்னால் எத்தனை வருஷ நாடக மேடை இருக்கிறது!

பையனை 'கொரில்லா' முழுக்கக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் கிப்பார்ட் குழுவின் 2003 இசைத்தட்டான 'டிரான்ஸ்அட்லாண்டிசிசம்'. நீங்களும் கூட உட்காருங்கள்.