கேளுங்கள் மாஸ்டர்: மூக்கு உடைந்தால் மாடலிங் போச்சா?

கேள்வி: எனக்கு 19 வயது, காலேஜ் இரண்டாம் வருடம். மூன்று வருடமாக பாக்சிங் செய்கிறேன், 57 கிலோ பிரிவு. போன தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு என்னை போட்டோ எடுத்தார்கள். அதைப் பார்த்து ஒரு மாடலிங் ஏஜென்சி கூப்பிட்டிருக்கிறது. "கை ரொம்ப முறுக்கா இருக்கு, 52 கிலோவுக்கு வந்துடு" என்கிறார்கள். என் பாக்சிங் மாஸ்டர் "ரெண்டுல ஒண்ணை விடு" என்கிறார். அம்மாவோ "மூக்கு உடையறதுக்குள்ள மாடலிங் போயிடு" என்கிறார். இரண்டும் சேர்ந்து முடியாதா?
- வாசகி, வியாசர்பாடி

முடியும்மா. செய்து காட்டியவர் இருக்கிறார், ரம்லா அலி. சோமாலியாவின் மொகதிஷுவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் அண்ணனைப் பறிகொடுத்த குடும்பம் கென்யா வழியாக லண்டனுக்கு அகதியாகப் போனது. குண்டாக இருக்கிறாள் என்று பள்ளியில் கேலி செய்ததால் ஜிம்முக்குப் போன பெண், அங்கே பாக்சிங்கைப் பிடித்துக்கொண்டார். அதையும் பல வருடம் வீட்டுக்குத் தெரியாமல்தான் செய்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சோமாலியாவுக்காக வளையத்தில் இறங்கிய முதல் பாக்சர் அவர்தான். உன் 57 கிலோ பிரிவேதான்! முதல் சண்டையிலேயே ருமேனியாக்காரப் பெண்ணிடம் தோற்றுவிட்டார். ஆனால் 2022 ஆகஸ்டில், சவுதியின் ஜெட்டாவில் நடந்த அந்த நாட்டின் முதல் பெண்கள் தொழில்முறைச் சண்டையில், முதல் ரவுண்டிலேயே எதிராளியைச் சாய்த்தார். இத்தனைக்கும் நடுவில்தான் டியோர், கார்ட்டியே போன்ற பெரிய கம்பெனிகளுக்கு மாடலாகவும் நின்றார்.

ஒன்றைக் கவனி. அவரைக் கூப்பிட்டவர்கள் ஒரு பாக்சரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தத் தோளும் கையும் வேண்டும் என்றுதான் கூப்பிட்டார்கள். உன் ஏஜென்சி கேட்பது அதற்கு நேர் எதிர். உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அந்த 52 கிலோதான். நம் ஊர் பெண்கள் போட்டிகளில் இப்போது 52 என்று ஒரு பிரிவே கிடையாது. 51 உண்டு, 54 உண்டு. 52-க்கு இறங்கினால் 54-ல்தான் ஆட வேண்டும், அதுவும் பட்டினி கிடந்த உடம்போடு. சண்டை நாள் காலையில் எடை பார்ப்பார்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் காய்ந்து போய் வளையம் ஏறுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ரவுண்டில் கை தாடையை விட்டுக் கீழே இறங்கிவிடும், அடி நேராகத் தலைக்கு வரும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்கு மட்டும் சம்மதிக்காதே. "நான் 57-தான், இந்தக் கையோடு வேண்டுமானால் வருகிறேன்" என்று சொல்லிப் பார். ஒத்துக்கொள்ளாத ஏஜென்சி உனக்கு வேண்டாம்.

போட்டோ ஷூட்டும் பாக்சிங்கும் தேதியில் மோதிக்கொள்ளும் என்று உன் மாஸ்டர் பயந்தால், அது நியாயமானது. என்னிடம் பழகிய ஒரு பெண் வெள்ளிக்கிழமை ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஷூட்டுக்குப் போனாள். கன்னத்து எலும்பின் மேல் ரூபாய் நாணயம் அளவுக்கு நீலம். மேக்கப் போட்டவர் பஞ்சை வைத்து அழுத்த அழுத்த அவளுக்குக் கண்ணில் தண்ணீர். மறைக்கவும் முடியவில்லை, பேசிய பணத்தில் பாதிதான் கையில் வந்தது. தப்பு என்னுடையதும்தான், அவள் தேதியை நான் கேட்டு வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து எங்கள் ஜிம்மில் ஒரு கணக்கு: ஷூட்டுக்குப் பத்து நாள் முன்னால் ஸ்பாரிங் நிறுத்தம். தொங்கும் பேக்கில் குத்துவது, மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்துவது, ஸ்கிப்பிங் மட்டும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஷூட்டே கிடையாது. போட்டித் தேதிதான் முதலில் காலண்டரில் ஏறும். இதை எழுதிக்கொண்டுபோய் உன் மாஸ்டரிடம் காட்டு. ஏஜென்சி ஒப்பந்தத்திலும், அடிபட்டால் தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்.

அப்புறம் அம்மா. ரம்லா மாதிரி நீ ஒளிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். ஒரு சாயங்காலம் அவரை ஜிம்முக்குக் கூட்டி வா. கிளவுஸ் மாட்டும் முன் நீ கையில் பேண்டேஜ் சுற்றும்போது பக்கத்தில் உட்காரவை. கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் இடுக்கில் ஒவ்வொன்றாக. கடைசிச் சுற்றை அவர் கையாலேயே போட்டு ஒட்டச் சொல்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஹெட்கார்டு (தலைக்கவசம்) போட்டால் முகத்தில் அடிபடாதுதானே?
- ஒரு தகப்பனார், மதுரை

படும் சார். புருவம் கிழியாமலும் காது நசுங்காமலும் அது காப்பாற்றும். மூக்கு திறந்துதான் இருக்கும். தலை குலுங்குவதை அது நிறுத்தாது. ஸ்பாரிங்கில் தலையில் பலமாக அடிபட்ட பிறகு தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை கிளவுஸ் மாட்ட விடாதீர்கள். கடையில் வாங்கிய கம்ஷீல்டு (பல்லுக்கு மாட்டும் உறை) லூசாக இருந்தால் பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்துவிடுங்கள். வளரும் வயது, அடுத்த வருடம் மாற்ற வேண்டியிருக்கும்.